அடுப்புச் சாம்பலும் அதன் பயன்பாடும்

விறகு எரிந்து முடிந்தபின் அடுப்பில் எஞ்சி நிற்பது சாம்பல். அதனைக் காலையில் அள்ளிக் கோடிப்புறத்திற் கொட்டிவிட்டு அன்றைய சமையலுக்கு அடுப்பை ஆயத்தஞ் செய்வது நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. எரிவாயு அடுப்பு வந்தபின் பல வீடுகளிற் சாம்பல் என்பதே அரிய பொருளாயிற்று. ஆனால், 2022 ஆம் ஆண்டில் எரிவாயு கிடையாதொழிந்தபோது நகரத்தாரும் விறகு தேடினர். மறந்துகிடந்த அடுப்புக்கள் மீண்டும் புகைந்தன. கோடிப்புறத்திற் சாம்பற் குவியலும் மீண்டது. அதற்கு முந்திய ஆண்டாகிய 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி சில மாதங்கள் தடுக்கப்பட்டிருந்தது. பசளை இல்லை, சாம்பல் உண்டு என்ற நிலையிற் கிடைத்த சாம்பலையெல்லாம் தோட்டத்தில் அள்ளிப்போட எவர்க்கும் மனம் எழுதல் இயல்பே. அவ்வாறு போடுதல் சில இடங்களில் நன்மை தரும். வேறு சில இடங்களில், சிறப்பாக எமது குடாநாட்டு நிலத்தில், தீமையும் தரும். எங்கே நன்மை, எங்கே தீமை என்பதை இரசாயன நூல் தெளிவாகவே கூறுகின்றது. அதனைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

நாம் பேசப் புகுந்தது விறகுச் சாம்பலைப் பற்றியே. பசுவின் சாணத்தை நீற்றிப் பெறும் திருநீற்றின் பெருமை பேச எம்மினும் தகுதியுடையார் பலர் உளர்.

மரம் தன் உடம்பின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்துமே கட்டிக்கொள்கின்றது. ஆதலால் அது எரியும்போது காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவை வாயுவாகியும் நீராவியாகியும் வந்த வழியே போய்விடுகின்றன. நைதரசனும் அவற்றோடு புகைவழியாகப் போய்விடுகின்றது. கந்தகத்தின் பெரும்பகுதியும் அவ்வாறே. வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய கனிப்பொருள்கள் மாத்திரம் அடுப்பில் எஞ்சுகின்றன. 100 கிலோ உலர்ந்த விறகு எரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சாம்பலே மிஞ்சும். பட்டையும் இலையும் சுள்ளியும் கலந்திருந்தால் இத்தொகை கூடும். அச்சாம்பலில் மிகுந்திருப்பது கல்சியம். அது பெரும்பாலும் காபனேற்றாக, அஃதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே உள்ளது. அதற்கடுத்தது பொற்றாசியம்; பசளைக் கணக்கிற் கூறினால் பொற்றாசியம் ஒட்சைட்டாக நூற்றுக்கு 5 முதல் 8 வரை இருக்கும். மகனீசியம் சிறிது, பொசுபரசு மிகச் சிறிது, இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு என்பன அணுவளவு. நைதரசன் இல்லை. சாம்பலை முழுப் பசளை என்போர் இவ்வொன்றை மறந்துவிடுகின்றனர். இலையும் தண்டும் வளர்வதற்கு முதலில் வேண்டியது நைதரசனே. அதனைச் சாம்பல் ஒருநாளும் தரமாட்டாது.

பொற்றாசியம் என்னும் மூலகத்துக்குப் பெயர் தந்ததே சாம்பல்தான் என்பது மாணவர் சிலர்க்குப் புதுமையாக இருத்தல் கூடும். மேல்நாட்டார் சாம்பலை நீரிற் கரைத்து வடித்து, அந்நீரை இரும்புப் பானைகளிற் காய்ச்சி வற்றச்செய்து ஒரு வெள்ளைக் காரத்தைப் பெற்றனர். பானையிற் பெற்ற சாம்பல் என்னும் பொருள்பட அதனைப் 'பொற்றாசு' என்றனர். கண்ணாடி செய்வார்க்கும் சவர்க்காரம் செய்வார்க்கும் அது இன்றியமையாத பொருளாயிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1790 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட முதலாவது ஆக்கவுரிமைப் பத்திரம், சாமுவேல் ஒப்கின்சு என்பவருக்குப் பொற்றாசு செய்யும் புதுமுறைக்காகவே வழங்கப்பட்டது. அதில் ஒப்பமிட்டவருள் ஒருவர் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன். 1807 இல் சேர் அம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி இக்காரத்திலிருந்து பெற்ற கடுங்காரத்தை உருக்கி அதனூடு மின்னைச் செலுத்தி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பொற்றாசிலிருந்து பெற்றமையாற் பொற்றாசியம் எனப் பெயரிட்டார். அதன் குறியீடாகிய 'கே' என்பதும், செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியாக வந்த 'கலியம்' என்னும் பெயரின் முதலெழுத்தே. பின்னர் 1861 இல் ஜேர்மனியின் ஸ்ராஸ்பூர்ட் என்னுமிடத்தில் நிலத்தின்கீழ்க் கிடந்த பொற்றாசிய உப்பைப் பசளையாக்கும் தொழில் தொடங்கியது. அதன்பின் சாம்பலை வடிக்கும் தொழில் படிப்படியாக மங்கிற்று.

எல்லாச் சாம்பலும் ஒரு தன்மையன அல்ல. தேங்காய்ப் பொச்சின் சாம்பலும் வாழைத்தண்டின் சாம்பலும் விறகுச் சாம்பலைக் காட்டிலும் பன்மடங்கு பொற்றாசியம் உடையவை. உமிச் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா. பாத்திரம் தேய்க்க மிக நன்று, பசளையாகப் பெரிதும் பயன்படாது. கருகிய கரி வேறு, வெந்து வெளுத்த சாம்பல் வேறு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பொச்சைப் பற்றி ஒன்று சொல்லாமற் போதல் ஆகாது. பொற்றாசியத்தின் பொருட்டு அதனை எரிப்பதினும், தென்னையைச் சுற்றி வெட்டிய குழியில் அடுக்கிப் புதைப்பதே மேல். பொச்சிலுள்ள பொற்றாசியம் மழைநீரிற் கரைந்து தானே வேருக்குச் சேரும்; பொச்சோ கடற்பஞ்சு போல நீரைப் பிடித்துவைத்து வைகாசி, ஆனி வெயிலுக்குத் துணைநிற்கும். எரித்தால் இரண்டாவது பயன் அடியோடு போய்விடும்.

ஆய்வுகூடம் வேண்டாமலே மாணவர் செய்து பார்க்கத்தக்க சோதனைகள் இரண்டு உள. செவ்வரத்தம் பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றிற் சாம்பல் கரைத்துத் தெளிந்த நீரைச் சில துளி விட்டால், சாறு பச்சை நிறமாக மாறும். தேசிக்காய்ச் சாறு விட்டால் நல்ல சிவப்பாகும். முன்னையது காரத்தின் குறி, பின்னையது அமிலத்தின் குறி. இனி, உலர்ந்த சாம்பலின்மேலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். காபனேற்றிலிருந்து காபனீரொட்சைட்டு வெளிப்படுவதே அப்பொங்குதல். சாம்பல் நீரின் பீ.எச். பெறுமானம் 10 இற்கு மேற்பட்டது. ஆதலால் அது கண்ணிற் படாமலும், நெடுநேரம் கையிற் படிந்திராமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இக்காரத்தன்மையே வீட்டில் அதன் பயனுக்கெல்லாம் காரணம். எண்ணெய் படிந்த சட்டியிற் சாம்பலைத் தூவி, ஈரத் தும்பினால் தேய்க்கும்போது இரண்டு வேலைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. மென்துகள்கள் அழுக்கைச் சுரண்டுகின்றன. நீரிற் கரைந்த பொற்றாசியம் காபனேற்று, கொழுப்பின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாக மாற்றிவிடுகின்றது. நம் பாட்டிமார் சட்டி மினுக்கியபோது சட்டியினுள்ளேயே சவர்க்காரம் உண்டாக்கினர் என்பது மிகையன்று. பித்தளைக் குத்துவிளக்குக்கு முதலிற் பழப்புளி, பின்னரே சாம்பல். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், சாம்பல் மெருகு தரும். அரிக்கன் இலாம்பின் சிமினியிற் படிந்த கரியை, அரித்தெடுத்த மென்சாம்பலைக் கடதாசியில் தொட்டுத் துடைத்தாற் கீறல் விழாமல் நீக்கலாம். எல்லாவற்றுக்கும் ஏற்ற இச்சாம்பல் அலுமினியப் பாத்திரத்துக்கு மாத்திரம் ஆகாது. காரம் அலுமினியத்தை அரிக்கும். ஈரச் சாம்பலோடு இரவு முழுவதும் கிடந்த அலுமினியச் சட்டி காலையிற் கறுத்திருக்கக் காண்பதும் அதனாலேயே. மீன் வெட்டுவோர் வழுக்காமைப் பொருட்டுக் கையிற் சாம்பல் தொட்டுக்கொள்வதுண்டு. சைவ உணவினராகிய வாசகர் இவ்வரியைக் கடந்து செல்வாராக.

பற்றுலக்கச் சாம்பல் நன்று என்னும் கருத்தை நாம் ஏற்பதில்லை. சுரண்டும் துகளும் காரமும் சேர்ந்து பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அது மீண்டும் முளைப்பதன்று.

சவர்க்காரம் இல்லாத காலத்திற் சாம்பல் நீரினால் உடுப்புத் தோய்க்கும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் இருந்தது. துணியால் வாய்கட்டிய பானையிற் சாம்பலை இட்டு, மழைநீர் ஊற்றி, தெளிந்து வடிவதை எடுத்தாற் போதும். மழைநீர் என்றதற்குக் காரணம் உண்டு. எமது கிணற்று நீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுதி. இவ்வடிநீரோடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தாற் கல்சியம் காபனேற்று அடியிற் படிய, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரம் நீரில் நிற்கும். அதனோடு தேங்காயெண்ணெய் சேர்த்துக் காய்ச்சினாற் கூழ்போன்ற மென்சவர்க்காரம் கிடைக்கும். கடுங்காரம் தோலைச் சுடும். ஆகவே இதனை ஆசிரியர் உடனின்றி மாணவர் செய்தல் கூடாது. 1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பனம்பழக் களியினால் உடுப்புத் தோய்த்ததைப் பழைய மாணவர் பலர் நேரிற் கண்டிருப்பர். அது காரத்தின் வேலையன்று, பழக்களியிலுள்ள வேறு பொருளின் வேலை; ஆயினும் இல்லாமை கற்பித்த பாடம் என்ற வகையில் இரண்டும் ஓரினம். சாம்பலாற் கை கழுவுதல் நோய்க்கிருமியை எவ்வளவு தடுக்கும் என்று 2020 இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர், திட்டமாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தனர். சவர்க்காரம் உள்ள வீட்டிற் சவர்க்காரமே கைக்கு உரியது.

விதை காத்தலிற் சாம்பலின் பயன் மிகப் பெரிது. இக்காலத்தார் இதனையே அதிகம் மறந்துவிட்டனர். கத்தரி, பூசணி, பாகல் முதலியவற்றின் விதையைக் கழுவிச் சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்துவது, ஒட்டும் பசையையும் ஈரத்தையும் சாம்பல் இழுத்துக்கொள்ளும் என்பதனால். பயறு, கௌபி முதலியவற்றைச் சாம்பலோடு கலந்து வைப்பதோ வண்டுக்காக. ஆனால் ஒரு பிடி சாம்பலைத் தூவிவிட்டு வண்டு போய்விடும் என்று இருந்தாற் பயனில்லை. ஆபிரிக்காவில் கமரூன் நாட்டுக் குடியானவர் கௌபியைச் சாம்பலில் வைத்துக் காக்கும் முறையை ஆராய்ந்தோர், நான்கு பங்கு தானியத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு சாம்பல் அளவிலே கலந்து, இறுக்கி, மேலும் ஒரு சாம்பற் படை பரப்பினாலே வண்டு பெருகாது எனக் கண்டனர். நஞ்சாகி நின்று சாம்பல் வண்டைக் கொல்வதில்லை. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள வெளியை அது நிரப்பிவிடுவதால் வண்டு நடமாடவும் இணைசேரவும் இடமின்றிப் போகின்றது. அன்றியும் அதன் மேலுடலிலுள்ள மெழுகுப் படையைத் துகள்கள் உராய்ந்து நீக்க, அது நீரிழந்து வாடுகின்றது. இவை நடைபெற வேண்டுமாயிற் சாம்பல் நன்றாக ஆறி, அரித்து, முற்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். இராசவள்ளி, கரணை முதலிய கிழங்குகளை நடுகைக்கு வெட்டும்போது வெட்டுவாயிற் சாம்பல் தொடுவதும், வாழைக்குட்டியின் கிழங்கைச் சாணமும் சாம்பலும் கரைத்த கூழில் தோய்த்து நடுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. வெட்டுவாய் விரைவில் உலர்ந்தால் அழுகல் குறையும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். மண்ணின் அமிலத்தைப் போக்குவதிற் சாம்பல், சுண்ணாம்புக் கல் மாவின் ஏறக்குறைய அரைப்பங்கு வலிமை உடையது. மழை மிகுந்த இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளில் மண் அமிலத்தன்மையது; அங்குள்ள வீட்டுத்தோட்டங்களுக்குச் சாம்பல் இருவகையில் நன்மை தரும். அப்படிப்பட்ட மண்ணுக்குச் சதுர மீற்றர் ஒன்றுக்கு ஆண்டில் 75 கிராம் அளவு பொருந்தும். ஆனால் தேயிலைக்கு அதுவும் ஆகாது. தேயிலை 4.5 முதல் 5.5 வரை பீ.எச். பெறுமானமுள்ள மண்ணை விரும்புவது. விறகு எரித்துச் சாம்பல் குவித்த இடங்களில் அச்செடி நெடுங்காலம் தேறாது நிற்கும்.

யாழ்ப்பாணக் குடாநாடோ முழுவதும் சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்தது. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் முதலிய இடங்களின் செம்மண் அப்பாறையின்மேல் மெல்லிய படையாகவே கிடக்கின்றது. பாறையிலிருந்து ஊறும் கிணற்று நீரை இறைக்கும்தோறும் சிறிது சுண்ணாம்பை நாமே பயிருக்கு ஊற்றுகின்றோம். இந்நிலத்துக்குச் சாம்பலின் சுண்ணாம்பு வேண்டாதது. வேண்டாதது மாத்திரமன்று, மண்ணின் காரத்தன்மை மிகமிக, அங்குள்ள இரும்பும் மங்கனீசும் நாகமும் வேர் உறிஞ்ச முடியாத நிலையை அடைகின்றன. இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தோன்ற, முதிர்ந்த இலை பச்சையாகவே நின்றால், அது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அடையாளம். இதனைப் பசளைக் குறைவு என்று கருதி மேலும் சாம்பல் போடுவது, தாகத்தால் வாடுபவனுக்கு உப்பூட்டுவதை ஒக்கும். எமது செம்மண்ணில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பிடி, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் பொற்றாசியத்தைப் பெரிதும் வேண்டும் வாழை, மரவள்ளி போன்றவற்றுக்கு என்பதே எமது கருத்து. உருளைக்கிழங்குப் பாத்திக்கு அறவே வேண்டாம்; காரத்தன்மை ஏறினாற் கிழங்கின் தோலிற் சொறிநோய் மிகும். நாற்றுமேடைக்கும் வேண்டாம், முளைக்கும் விதையை அதன் உப்பு வாட்டும்.

அடுப்புச் சாம்பல் பொற்றாசுப் பசளைக்கு ஈடாகுமா என்பார்க்குக் கணக்கையே விடையாகத் தரலாம். நாளொன்றுக்கு 5 கிலோ விறகு எரிக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 கிலோ விறகும் அதிலிருந்து 18 கிலோ சாம்பலும் வரும். நூற்றுக்கு 6 என்று கொண்டால் அதிலுள்ள பொற்றாசியம் ஒட்சைட்டு ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். கடையில் விற்கும் மியூறியேற்றுப் பொற்றாசில் அது நூற்றுக்கு 60. ஆகவே ஓர் ஆண்டு முழுவதும் புகையுண்டு சேர்த்த சாம்பல், இரண்டு கிலோவுக்கும் குறைந்த பசளைக்கே சமன். கிணற்றடியிற் சில வாழையும் கோடியில் இரண்டு முருங்கையும் உடைய வீட்டுக்கு இது நல்ல வரவு. வெண்காயமும் மிளகாயும் புகையிலையும் பரப்புக் கணக்கிற் செய்யும் கமக்காரனுக்கு இதனைக் காட்டி ஆறுதல் கூறுவது முறையன்று.

சாம்பலும் மாட்டெருவும் ஒரே கிடங்கிற் சேர்வது எம்மவரிடைப் பரந்த வழக்கம். புதுச் சாணத்திலும் மாட்டு மூத்திரத்திலும் அமோனியமாக மாறும் நைதரசன் நிறைய உண்டு. சாம்பலின் காரம் அதனோடு சேர்ந்தால், அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும். கிடங்கருகே மூக்கிலேறும் நெடியே நாம் இழக்கும் பசளை. யூரியாவோடும் அமோனியம் சல்பேற்றோடும் சாம்பலைக் கலந்தாலும் இதுவே நிகழும். சாம்பல் போட்டு மூன்று நான்கு கிழமை கழிந்தபின்னரே நைதரசப் பசளை இடல் வேண்டும். கிடங்கில் இடுவதாயின், காய்ந்த சருகுக்கும் குழைக்கும் இடையில் மெல்லிய படையாக இடலாம்.

இலைமேல் தூவும் சாம்பலைப் பற்றியும் சில. பயற்றங் கொடியில் அழுக்கணவனும் பூசணியிற் செவ்வண்டும் கண்டபோது, பனி உலராத காலையில் மென்சாம்பலைத் துணியிற் கட்டித் தட்டித் தூவுவது நல்ல முறை. பூச்சிக்கு அது இடையூறு. இலைக்கும் அளவு மீறினால் இடையூறே. ஒரு மழையோடு கழுவுண்டு போகும் ஆதலால் மாரியில் இம்முயற்சி வீண். நத்தையைத் தடுக்கப் பாத்தியைச் சுற்றி இடும் சாம்பல் வரம்பும் உலர்ந்திருக்கும் வரையே காவல் செய்யும். கோழிகள் சாம்பற் குழியிற் புரண்டு சிறகு உதறுவதை மாத்திரம் எவரும் தடுக்கவேண்டாம். பேன் நீக்கத் தாமே கண்ட வைத்தியம் அது.

எரித்தது எதுவோ அதுவே சாம்பலில் இருக்கும். மை பூசிய பலகை, பூச்சிக்கு மருந்தூட்டிய மரம், தார் ஊட்டிய சிலிப்பர்க் கட்டை, பிளாஸ்டிக்குப் பை, குப்பைக் கடதாசி ஆகியவை கலந்து எரிந்த சாம்பல், ஈயம், ஆசனிக்கு முதலிய நஞ்சுகளைக் கொண்டிருக்கக்கூடும். அதனைக் கறித்தோட்டத்திலும் விதைப் பானையிலும் சேர்த்தல் ஆகாது. பூவரசு, வேம்பு, கிளுவை, பனைமட்டை, ஊமல் இவற்றின் சாம்பலுக்கு இவ்வச்சம் இல்லை.

சாம்பலைச் சேமிக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பொற்றாசியம் காபனேற்று நீரில் எளிதிற் கரைவது; ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வெளியே நனைந்த குவியலிற் சுண்ணாம்பே எஞ்சியிருக்கும், வேண்டிய பொருள் நிலத்துள் இறங்கியிருக்கும். ஆகவே கூரையின்கீழ் மூடிவைத்தல் வேண்டும். மேலே ஆறித் தோன்றும் சாம்பலின் உள்ளே தணல் இரண்டு மூன்று நாளும் உயிரோடு கிடக்கும். அதனைக் கடகத்தில் அள்ளிக் கிடுகு வேலியோரம் வைத்துவிட்டுப் போனால், சோளகக் காற்று வீசும் மாதத்தில் வேலி மட்டும் எரிந்து நிற்பது அரிது. மண் சட்டியிலோ தகர வாளியிலோ அள்ளி, மூடி, வேலிக்கும் வீட்டுக்கும் எட்ட வைத்து, நான்கு நாளின் பின் அரிதட்டில் அரித்துக் கரியையும் ஆணியையும் நீக்கி எடுத்துக்கொள்க.